இரண்டு நாழிகை



புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் நடவாதார் இந்நகரில் அரியர். அவ்வீதிக்குப் பெயர் தந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ஆம் ஆண்டில் பிறந்த அவர் ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாசி. வணிகத்திலும் பெருந்தனம் ஈட்டியவர். ஆளுநர் எந்நேரம் அழைப்பினும் செல்ல வேண்டும். வணிகக் கணக்கும் குடும்பக் கடமையும் காத்திருக்கும். ஓய்வில்லை என்று சொல்ல அவரினும் உரிமையுடையார் யார்?

அத்தகையவர், தம் 27ஆம் வயதில், 1736 செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கண்டதையும் கேட்டதையும், கப்பல் வரவையும் போக்கையும் பதிந்தார். 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோதும் எழுதினார். இன்று கிடைக்கும் பகுதிகளில் இடைவெளிகள் உண்டு. ஆயினும் அவர் வாழ்வின் இறுதிவரை, 24 ஆண்டுகளுக்கு மேலாக, அப்பணி நீண்டது. 1761 சனவரி 12இல் அவர் மறைந்தார். சில நாட்களில் நகரம் வீழ்ந்தது. அவ்வாண்டே கோட்டையும் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய கோட்டை அழிந்தது. நாள்தோறும் சிறிது சிறிதாக எழுதிய குறிப்பு நிலைத்தது.

பிள்ளையவர்கள் சமணர் அல்லர். எனினும் அவர் வாழ்க்கை காட்டும் உண்மை நம் ஆசாரியர் உரைத்த காலத் தத்துவத்தோடு இயைவது. ஆறு திரவியங்களுள் ஐந்து அத்திகாயம் எனப்படும். காலம் மட்டும் அத்திகாயம் அன்று. காலாணுக்கள் மணிக்குவியலின் மணிகளைப்போல் தனித்தனியே நிற்பன, ஒன்றோடொன்று கலவா. இல்லறத்தார்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நெல்லைக் குதிரில் சேர்க்கலாம்; பொன்னைப் பெட்டியில் சேர்க்கலாம். இன்றைய நாழிகையை நாளைய நாழிகையோடு சேர்த்து வைக்க இயலாது. "மகள் திருமணம் முடியட்டும், பதவி ஓய்வு வரட்டும், பிறகு படிக்கலாம்" என்று காத்திருப்பவர், சேராத பொருளைச் சேர்க்க முயல்பவரே ஆவார்.

இதற்கு மருந்தாக அமைந்தது சாமாயிகம். அதன் சிறுமை அளவு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். நாள் முழுவதையும் துறக்குமாறு சிராவகரை அவ்விரதம் கேட்பதில்லை. இடத்தையும் காலத்தையும் வரையறுத்து, அவ்வெல்லைக்குள் மனத்தை நிறுத்தப் பணிக்கிறது. எல்லை சிறிதாதலின் காக்க முடிகிறது. காக்கக் காக்க மனம் வலிமை பெறுகிறது.

சாமாயிகம் ஆன்ம நலத்திற்கே உரியது. அதனை உலகியல் பயனுக்கு விலைபேசுதல் தகாது. ஆனால் அது பழக்கும் அடக்கம் பிற கடமைகளுக்கும் துணையாகும். தேர்வுக்குப் பயிலும் மாணவரும், முன்னோர் நூலைக் கற்க விரும்பும் இல்லத்தரசியும், கணக்கைச் சீர்செய்ய எண்ணும் வணிகரும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பணி என வரையறுத்து அமரலாம். அவ்வேளையில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

ஒருநாள் தவறினால்? அதற்கும் வழி உண்டு. பிரதிக்கிரமணம் என்பது பிழையை உணர்ந்து மீளுதல். தவறிய நாளை எண்ணி முயற்சியைக் கைவிடுபவர், ஒருநாள் இழப்பை ஓராண்டு இழப்பாக்குகிறார். உணர்ந்து மறுநாள் அதே இடத்தில் அமர்பவர்க்கு இழப்பு ஒருநாளே.

இவ்விழாவின் நினைவாக ஒவ்வோர் இல்லமும் இரண்டு நாழிகையை வரையறுத்துக்கொள்ளட்டும். அது இன்றே தொடங்கட்டும்.