மரம் நடுதலும் மரத்தின் மீதான உரிமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஜூன் 5 நெருங்கும்போது கட்சிக் கிளைகளை நோக்கி ஓர் அழைப்பு வருவது வழக்கம். ஊர் வணிகர் சங்கமோ, ஓர் அச்சகமோ, சிறு பட்டறையின் உரிமையாளரோ, "மரக்கன்றுகளை வாங்கித் தருகிறோம், ஆட்களை நீங்கள் திரட்டுங்கள்" என்று கேட்கின்றனர். நல்ல காரியந்தானே, சேர்ந்துகொள்வோம் என்பது தோழர்களில் ஒரு சாராரின் விடை. இது தன்னார்வக் குழுக்களின் வேலை, வர்க்கப் போராட்டத்திலிருந்து கவனத்தைத் திருப்புவது என்பது மற்றொரு சாராரின் விடை. இரண்டுமே ஆராயாமல் சொல்லப்படுபவை. மரம் யாருக்காக நடப்படுகிறது, வளர்ந்த பின் அதன் இலையும் விறகும் தடியும் யாருக்கு உரியவை என்ற கேள்வியை இரு சாராரும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறு பட்டறை எழுப்பியது. அதிலிருந்து பிறந்த இயக்கமே சிப்கோ.

சிப்கோ என்றவுடன் மரத்தைக் கட்டியணைத்த மலைநாட்டுப் பெண்களின் படம் நினைவுக்கு வரும். பாடநூல்களும் அரசு விளம்பரங்களும் அந்தப் படத்தோடு நின்றுவிடுகின்றன. படத்துக்குப் பின்னால் இருந்த பொருளாதாரக் கோரிக்கை வசதியாக மறக்கப்பட்டது.

இன்றைய உத்தராகண்டின் சமோலி மாவட்டம் அன்று உத்தரப் பிரதேசத்தின் பகுதி. அங்கே கோபேஷ்வரில் 1964ஆம் ஆண்டு தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் சண்டி பிரசாத் பட். சர்வோதய வழியில் வந்தவர். காட்டுப் பொருள்களைக் கொண்டு உள்ளூரிலேயே சிறு தொழில் நடத்துவது சங்கத்தின் நோக்கம். மூலிகை சேகரித்தார்கள், பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைன் காய்ச்சினார்கள், அங்கூ என்று மலைமக்கள் அழைக்கும் ஆஷ் மரத்தில் வேளாண் கருவிகள் செய்தார்கள். அங்கூ இலேசானது, உறுதியானது, நுகத்தடிக்கு ஏற்றது. சில பத்துப் பேருக்கு மலையிலேயே வேலை கிடைத்தால், சமவெளி நகரங்களுக்குச் சென்று பாத்திரம் கழுவும் நிலை அந்தச் சில பத்துப் பேருக்காவது இராது. சங்கத்தின் கனவு அவ்வளவுதான். புரட்சித் திட்டம் எதுவும் அதில் இல்லை.

ஆனால் அந்தச் சிறு கனவுக்கே வனத்துறை குறுக்கே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் பாதைக் கட்டைகளுக்காக இமயக் காடுகளை வளைத்துப்போட்ட காலனி ஆட்சி, 1878ஆம் ஆண்டின் வனச் சட்டத்தால் மக்களின் வழமையான உரிமைகளைச் சலுகைகளாகச் சுருக்கியது. பாஞ்ச் எனப்படும் இமயத்து ஓக் மரத்துக்கு வனத்துறையின் கணக்கில் மதிப்பில்லை. பிசினும் தடியும் தரும் சீர் பைனுக்கே மதிப்பு. பாஞ்ச் மரத்தின் இலை கால்நடைத் தீவனம்; கிளை விறகு; அதன் நிழலில் படியும் இலைமட்கு மண்ணையும் ஊற்றுநீரையும் காக்கும். சீர் பைனும் அந்த மலைக்கு உரிய மரமே என்பதை மறக்கலாகாது. ஆயினும் அது மட்டுமே பெருகிய சரிவில் உதிரும் ஊசியிலைகள் கோடையில் எளிதில் தீப்பற்றும். கால்நடைக்கு அங்கே மேய்ச்சலும் குறைவு. எனவே மண்ணுக்குரிய மரம் என்று சொன்னால் மட்டும் போதாது. யாருடைய தேவைக்காக எந்த மரம் பெருக்கப்படுகிறது என்று சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

விடுதலைக்குப் பின்னரும் இந்த ஏற்பாடு மாறவில்லை. மரங்களை ஏலம் எடுத்தவர்கள் சமவெளி ஒப்பந்தக்காரர்கள். பிசினிலும் பாகுபாடு இருந்தது: பரேலியிலிருந்த பெரிய ஆலைக்குக் குறைந்த விலை, மலையிலிருந்த சிறு அலகுகளுக்குக் கூடுதல் விலை. 1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊர்களையும் பாலங்களையும் வாரிச் சென்றது. மேலே காடு அழிக்கப்பட்டதற்கும் கீழே வெள்ளம் பாய்ந்ததற்கும் உள்ள தொடர்பை நிவாரணப் பணிக்குச் சென்ற சங்கத்தார் நேரில் கண்டனர்.

1973இல் சங்கம் தன் பட்டறைக்காகப் பத்து அங்கூ மரங்களைக் கேட்டது. வனத்துறை மறுத்தது. அதே பகுதியில் முந்நூறு மரங்களை அலகாபாத்தைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. உழவனின் நுகத்தடிக்குப் பத்து மரம் இல்லை. டென்னிஸ் மட்டைக்கு முந்நூறு மரம் உண்டு. அரசு யாருக்குரியது என்பதை விளக்கப் பல பக்கக் கட்டுரை தேவைப்படும். வனத்துறை அதனை ஒரே உத்தரவில் விளக்கிவிட்டது. ஏப்ரல் 24 அன்று மண்டல் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ நூறு பேர் மேளம் கொட்டி, முழக்கமிட்டுத் திரண்டனர். மரம் வெட்ட வந்தவர்கள் திரும்பிச் சென்றனர்.

அடுத்த ஆண்டு ரேணி. ஏலம் விடப்பட்டவை ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு மரங்கள். 1974 மார்ச் 26 அன்று, ஊர் ஆண்கள் நிலத்துக்கான இழப்பீட்டுத் தொகை வாங்கச் சமோலிக்குச் சென்றிருந்த வேளையில், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தனர். மகளிர் மங்கள மன்றத்தின் தலைவி கௌரா தேவியும் இருபத்தாறு பெண்களும் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். இவ்வளவும் பலர் அறிந்தது. அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று, துண்டறிக்கை கொடுத்து, ஏலத்துக்கு எதிராக மக்களைத் திரட்டியவர்களுள் ஒருவர் ஜோஷிமத் வட்டாரத் தலைவராக இருந்த தோழர் கோவிந்த் சிங் ராவத். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். சர்வோதயத் தொண்டரும் கம்யூனிஸ்டும் பழங்குடிப் பெண்களும் ஒரே காட்டில் நின்றனர். சுற்றுச்சூழல் இயக்கம் இடதுசாரிகளுக்கு அந்நியமானது என்று பேசுவோர் இந்தப் பெயரை நினைவில் கொள்ள வேண்டும்.

வெட்டுவதைத் தடுத்ததோடு சங்கம் ஓய்ந்துவிடவில்லை, நடவும் தொடங்கியது. எழுபதுகளின் நடுவிலிருந்து ஊர்தோறும் முகாம்கள் நடைபெற்றன. மாணவர்களும் ஊராரும் சேர்ந்து குழி தோண்டினர், நாற்றங்கால் அமைத்தனர், ஆடு மாடு நுழையாதபடி மலைக்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினர். எந்த மரத்தை நடுவது என்ற விவாதத்தில் பெண்களின் குரல் மெல்ல மேலோங்கியது. ஆண்கள் காசு தரும் மரத்தைக் கேட்டால், பெண்கள் தீவனமும் விறகும் தரும் மரத்தைக் கேட்டனர். வேறுபாடு இயல்பிலிருந்து வந்ததன்று, வேலைப் பிரிவினையிலிருந்து வந்தது. புல்லும் விறகும் சுமக்க மணிக்கணக்கில் மலையேறியவர்கள் பெண்கள். 1980இல் டூங்க்ரி பைந்தோலி என்ற ஊரில் இது வெளிப்படையான மோதலாகவே வெடித்தது. ஊர்மன்றத்து ஆண்கள் சாலை, பள்ளி முதலிய வசதிகளுக்கு ஈடாக ஓக் காட்டை உருளைக்கிழங்குப் பண்ணைக்கு விட்டுக்கொடுக்க இசைந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் எதிர்த்து நின்று காட்டைக் காப்பாற்றினர்.

இந்த முகாம்களில் நட்ட கன்றுகள், வனத்துறை நட்டவற்றைக் காட்டிலும் மிகுதியாகப் பிழைத்தன என்று அக்காலத்தில் ஆராய்ந்தோர் பதிவு செய்தனர். வனத்துறையிடம் பணமும் ஆளும் வல்லுநரும் இருந்தனர்; சங்கத்திடம் இவற்றில் எதுவும் அவ்வளவு இல்லை. ஆனால் கல்சுவருக்குள் வளரும் புல்லை அறுக்கும் உரிமை அந்த ஊருக்கே இருந்தது. மாடு உள்ளே போனால் விரட்டுவதற்குச் சம்பளக் காவலர் தேவைப்படவில்லை.

இதே உண்மையை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது கருநாடகம். எண்பதுகளில் அம்மாநில அரசு ஒரு தனியார் ஆலையோடு கூட்டு நிறுவனம் அமைத்து, காகிதக்கூழ் மரம் வளர்க்க முப்பதாயிரம் ஹெக்டேர் பொது நிலத்தை ஒதுக்கியது. ஏழைகளின் மேய்ச்சல் நிலத்தில் யூகலிப்டஸ் நடப்பட்டது. அதுவும் ஏட்டில் காடு வளர்ப்புதான். 1987 நவம்பர் 14 அன்று தார்வாட் மாவட்டத்துக் குஸ்னூரில் மக்கள் திரண்டு அந்தக் கன்றுகளில் நூறைப் பிடுங்கி, அவ்விடத்தில் தங்களுக்குப் பயன்படும் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டனர். "பிடுங்கு, நடு" என்பதே அந்தப் போராட்டத்தின் பெயர். 1991இல் கூட்டு நிறுவனம் கைவிடப்பட்டது. மரக்கன்றைப் பிடுங்குவதும் சில வேளைகளில் காட்டைக் காப்பதாகும்.

இன்றைய நிலைக்கு வருவோம். சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டை எடுத்துக்கொள்பவர் பணம் கட்டினால் வேறிடத்தில் காடு வளர்க்கப்படும் என்பது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியின் தத்துவம். 2016இல் அதற்குச் சட்டம் வந்தது. 2019இல் 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. செலவிடும் அதிகாரம் வனத்துறையின் கையில். கிராம சபைக்கு அச்சட்டத்தில் உறுதியான இடமில்லை. 2023இல் பசுமைக் கடன்மதிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதியின்படி, 2025இல் அது மாற்றப்படும் வரை, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் நட்டு, இரண்டாண்டு முடிந்தால், மரத்துக்கு ஒன்று வீதம் நிறுவனம் கடன்மதிப்பு பெறலாம் என்றிருந்தது. பாஞ்ச் போன்று மெல்ல வளரும் மரத்தை, இரண்டாண்டில் கணக்கு முடிக்க விரும்பிய நிறுவனம் எதற்காக நட்டிருக்கும்? இத்திட்டம் குறி வைப்பதோ சிதைந்த வன நிலம். சிதைந்தது என்று கோப்பில் எழுதப்பட்ட நிலத்தில் ஆடு மேய்ப்பவரும் புளியும் இலுப்பையும் பொறுக்குபவரும் இருக்கின்றனர். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெருநிறுவனங்கள் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பதால், மரம் நடுதல் அவற்றுக்கு மலிவான விளம்பரமாகவும் ஆகிவிட்டது.

சிறு வணிகரும் கூட்டுறவுகளும் இந்த வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர். பெருமூலதனத்தால் நெருக்கப்படும் சிறு உற்பத்தியாளருக்கும் காட்டை இழக்கும் மக்களுக்கும் பகை ஒன்றே. கன்று வாங்கித் தருவது அவர்களால் இயன்ற உதவிதான். ஆனால் அது மிகச் சிறிய உதவி. கிராம சபை சேகரிக்கும் தேனையும் புளியையும் மூங்கிலையும் இடைத்தரகர் இன்றி நியாய விலைக்கு வாங்குவது பேருதவி. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக வன உரிமை பெற்றது. 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்றது. மூங்கில் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டை வழங்கும் அதிகாரம் வனத்துறையிடமிருந்து கிராம சபைக்கு மாறியது அந்த ஆண்டில்தான். வாங்குவதற்கு ஆள் இருந்தால் அந்த உரிமைக்கு உயிர் உண்டு.

இதற்குச் சட்ட அடிப்படை, இடதுசாரிகளும் பழங்குடி அமைப்புகளும் நெருக்கியதன் பயனாக 2006இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம். சமூகக் காட்டைக் காக்கவும் மீட்டு வளர்க்கவும் அது உரிமை தருகிறது. 'சிறுவன மகசூலின்' உடைமையையும் அளிக்கிறது. காட்டையே நம்பி வாழும் குடும்பத்துக்கு அது எந்த வகையில் 'சிறு' மகசூல் என்பதைச் சொல்லாக்கியவர்கள்தாம் விளக்க வேண்டும்.

ரேணியில் பின்னர் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தக்காரர் போனார், அரசு வந்தது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. காட்டைக் காத்த அதே ஊர்களின் மேய்ச்சலும் மலையேற்ற வருவாயும் பறிபோயின. பின் ரிஷிகங்கையில் மின் திட்டம் வந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் சரிந்து பாய்ந்த வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பெரும்பாலோர் அங்கும் கீழேயுள்ள தபோவனத் திட்டத்திலும் வேலை செய்த தொழிலாளர்கள். ஊர் பாதுகாப்பற்றதாகிவிட, கௌரா தேவியின் சிலையையே அங்கிருந்து பெயர்த்து ஜோஷிமத்துக்குக் கொண்டு சென்றனர். ஏலத்தை நிறுத்திய மக்களுக்குக் காட்டின் மீது உரிமை எழுதித் தரப்படவில்லை என்பதுதான் இதன் தொடக்கம்.

ஆகவே, அச்சக உரிமையாளர் கன்றுகளோடு வரும்போது கிளைத் தோழர்கள் மறுக்க வேண்டியதில்லை. நிலம் யாருடையது, ஆடு மேய்ப்பவரிடம் கேட்டாயிற்றா, இனத்தைத் தேர்ந்தது யார், மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், பின்னர் இலையும் காயும் எவருக்கு என்று அவரோடு அமர்ந்து பேச வேண்டும். வன ஓரத்து ஊராயின் சமூக வன உரிமைக்கு மனு கொடுத்தாயிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும். நாளைப் பற்றியும் ஒரு சொல்: ஜூன் 5 படம் எடுக்க உகந்த நாள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கன்று ஊன்ற உகந்தது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி. இடைப்பட்ட நான்கு மாதங்கள் கிராம சபையைக் கூட்டவும் நாற்றங்காலில் விதை போடவும் போதுமானவை.