சிலிண்டருக்கு ஒரு தாங்கி

(மீள்குடியேறிய கரையோரக் குடும்பங்களுக்கான தொழிற் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)

இங்கே இருப்பவர்களில் பலர் அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிற குடும்பங்கள். வீட்டு வேலை முடியும் முன்பே தொழில் தொடங்கிவிட்டது. அதில் பிழையில்லை, வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆனால் தகரக் கொட்டிலிலும் தறப்பாளுக்குக் கீழும் பிள்ளைகள் படுக்கிற இடத்திலேயே சிலிண்டர்களும் கிடக்கின்றன. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஒட்சிசன் சிலிண்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது நாங்கள் சுவாசிக்கிற இதே காற்றுத்தான். ஆனால் அமுக்கம் வேறு. கார் ரயரில் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ இருக்கும். நிரப்பிய சிலிண்டரில் 3,000, அதாவது 200 பார் அளவில் இருக்கும். சாதாரண அலுமினியச் சிலிண்டர் காற்றோடும் வால்வோடும் 17, 18 கிலோ வரும். நிற்கிற சிலிண்டரை ஓடி விளையாடும் பிள்ளை தட்டினால் முதலில் நசிவது பிள்ளையின் கால். விழுகிற வேகத்தில் வால்வு கல்லில் மோதி உடைந்தால், உள்ளே இருக்கும் காற்று முழுச் சிலிண்டரையும் தள்ளிக்கொண்டு பாயும். தகரச் சுவர் அதை மறிக்காது.

ஆகவே சிலிண்டர் நிற்கவும் வேண்டும், விழாமலும் இருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கான தாங்கிக்கு ஓடாவி தேவையில்லை. கூரைக்கு வந்த பனஞ்சலாகையில் மிஞ்சிய துண்டுகள் போதும்.

அலுமினியச் சிலிண்டரின் விட்டம் 7¼ அங்குலம், வால்வு இல்லாமல் உயரம் 26 அங்குலம். ஒரு சிலிண்டருக்கு 8 அங்குல அகலமான அறை விடுங்கள். நான்கு அறை, இடையில் ஓர் அங்குலத் தடுப்புப் பலகை மூன்று, மொத்தம் உள்நீளம் 35 அங்குலம். உள்ளாழமும் 8 அங்குலம். உங்களுடையது உருக்குச் சிலிண்டர் என்றால் விட்டத்தை முதலில் அளந்து, அதைவிட முக்கால் அங்குலம் கூட்டி அறையை விடுங்கள்.

பின்பக்கம் இரண்டு தூண்கள். மண்தரை என்றால் 2 அடி ஆழம் புதைத்துச் சுற்றிவரக் கல் போட்டு இறுக்குங்கள். கறையானுக்குப் புதைகிற பகுதியில் கழிவு ஒயில் பூசலாம். தூண்களுக்குக் குறுக்கே பின்சட்டம் இரண்டு: அடித்தட்டிலிருந்து ஒன்று 8 அங்குலத்தில், மற்றது 18 அங்குலத்தில். சிலிண்டரின் பாதி உயரத்துக்கு மேலே ஒரு பிடி இல்லாவிட்டால் அது கவிழும். அதனால் இந்த 18 அங்குலத்தைக் குறைக்க வேண்டாம். முன்பக்கக் கீழ்ச்சட்டம் 4 அங்குலத்தில் போதும், அதற்கு மேலே போனால் சிலிண்டரைத் தூக்கி எடுக்க நாரி நோகும். ஆணியை மட்டும் நம்பாமல் மூலைகளுக்குக் கல்வனைஸ் போல்ட் போடுங்கள். நான்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேலே வரும்.

அடித்தட்டைச் சீமெந்துக் கல்லின் மேல் 4 அங்குலம் உயர்த்தி, பலகைகளுக்கிடையே அரை அங்குல நீக்கல் விடுங்கள். உப்புத்தண்ணீர் வடிந்து போக வேண்டும். சட்டம் சிலிண்டரில் படும் இடங்களில் பழைய ரியூப்பை வெட்டி அடியுங்கள், ஆணித்தலை வெளியே தெரியக்கூடாது.

முன்பக்க மேற்பிடியைப் பலர் ஒரே கயிறாக நான்குக்கும் சேர்த்து இழுத்துக் கட்டுகிறார்கள். விடிய ஒரு சிலிண்டரை எடுக்கக் கயிற்றை அவிழ்த்தால் மற்ற மூன்றும் பிடியில்லாமல் நிற்கும். அவசரத்தில் திரும்பக் கட்டுகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி நைலோன் கயிறு போடுங்கள்.

தாங்கி அடுப்படியிலிருந்து விலகி, நிழலில் இருக்கட்டும். 30 பாகையில் 200 பார் காட்டும் சிலிண்டர் 50 பாகைக்குச் சூடேறினால் அமுக்கம் 13 பார் அளவில் கூடும். நெருப்பு அதைவிட மோசம், அலுமினியம் தன் பலத்தையே இழந்துவிடும். தீப்பட்ட சிலிண்டரை வெளியே பார்த்தால் நல்லதாகத் தெரியும், ஆனால் அதை இனி நிரப்பக் கூடாது. தாங்கியோடு சேர்த்துச் சிலிண்டரில் எதையும் வெல்டிங் பிடிக்கவும் வேண்டாம்.

கடலுக்குப் போகாத மாதங்களில் 20 பார் அளவு காற்றை மிச்சம் வைத்து வால்வை மூடுங்கள். முற்றாக வெறுமையாக்கினால் ஈரம் உள்ளே போகும். அடியில் இறப்பர்ச் சப்பாத்து இருந்தால் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதற்குள் தங்கும் உப்புத்தான் உருக்கை அரிக்கிறது.

இன்னொன்று, இது மீண்டு வந்த எங்களுக்கே உரிய பிரச்சினை. வளவு துப்புரவாக்கும்போது பற்றைக்குள், பாழ்க்கிணற்றில், இடிந்த வீட்டுக்குள் பழைய சிலிண்டர் கண்ணில் படலாம். விலை போகும் பொருள், ஆசை வரும். தொடவேண்டாம். உருளையாய்த் தெரிவதெல்லாம் சிலிண்டர் அல்ல, சிலிண்டரேயானாலும் பக்கத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாது. போன வழியே திரும்பி வந்து கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் விட்டுப்போன சிலிண்டரே வீட்டில் அப்படியே இருந்தது என்றாலும், கண்ணிவெடி அகற்றியவர்கள் வளவைப் பார்த்துச் சரி என்ற பிறகு எடுங்கள். பிறகு அதன் தோளைப் பாருங்கள். சோதித்த மாதமும் ஆண்டும் அதில் பொறித்திருக்கும். 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனை செய்ய வேண்டும். இடம்பெயர்வுக்கு முந்திய திகதி என்றால் அது எப்போதோ காலாவதி. கொம்பிறசர் வைத்திருப்பவர் நிரப்பித் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். நிரப்பும்போதுதான் இப்படியானவை வெடிக்கும், அப்போது பக்கத்தில் நிற்பது அவரும் நீங்களும்தான்.

மாதிரித் தாங்கி ஒன்று மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிறது. அளவுநாடா கொண்டு வந்தவர்கள் அளந்து பார்க்கலாம். அக்காமாரும் வாங்கோ, கயிற்றை எப்படி முடிவது என்று காட்டுகிறேன்.