வாக்கி-டாக்கி வாங்கும் முன்

என் மைத்துனர் ஒருவர் சிறிய கட்டட ஒப்பந்தக்காரர். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை அவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது, மேலே நிற்கும் கொத்தனாரும் கீழே பாரந்தூக்கியை இயக்குபவரும் பேசிக்கொள்வதற்கென்று கடைவீதியில் நான்கு வாக்கி-டாக்கிகளை மலிவாக வாங்கி வந்தார். பத்துக் கிலோமீட்டர் பேசும் என்றார் கடைக்காரர். உரிமத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, "இறக்கு" என்று கருவியில் ஒரு குரல் எழுந்தது. கீழிருந்தவர் இறக்கினார். ஆனால் குரல் கொடுத்தவர் எங்கள் கொத்தனார் அல்லர். அடுத்த தெருவில் வேலை நடத்திய வேறொரு மேஸ்திரி. அவரும் அதே கடையில் அதே கருவியை வாங்கியவர். கலவைத் தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்த பையன் நொடிப்பொழுதில் கையை இழுத்துக்கொண்டான். இல்லையேல் விரல்கள் போயிருக்கும்.

அன்று மாலை மைத்துனர் என்னிடம் வந்தார். "கருவியில் ஏதோ 'பிரைவசி கோடு' இருக்கிறதாம், அதைப் போட்டால் போதுமா?" என்று கேட்டார். போதாது என்றேன். அந்தக் குறியீடு, காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த சுரத்தைப் பேச்சோடு சேர்த்து அனுப்புகிறது; அதே சுரம் வந்தால்தான் நம் ஒலிபெருக்கி திறக்கும். பிறர் பேச்சு நம் செவியில் விழாமல் செய்யுமேயன்றி, ஒரே அலைவரிசையில் இருவர் மோதிக்கொள்வதை அது தடுக்காது. நம் பேச்சைப் பிறர் கேட்பதையும் தடுக்காது.

சட்டமும் உண்டு. உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பின்னர் 2018-ஆம் ஆண்டு விதிகள், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் குறைந்த சக்தியுடைய கருவிகளுக்கு விலக்கு அளித்தன. அங்கும் கருவியின் மாதிரி அரசின் ஒப்புதல் பெற்றதாக இருத்தல் வேண்டும். பிற அலைவரிசைகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவிடம் விண்ணப்பித்தே ஆக வேண்டும். விலக்குப் பெற்ற பகுதியோ பொதுக் கிணறு. யாரும் வாளியை இறக்கலாம். உயிர் ஊசலாடும் வேலைக்கு அதை நம்பலாகாது என்பது என் கருத்து.

அடுத்து, எந்த அலை? 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டர். 450-இன் நீளம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர். வயல்வெளிக்கும் உப்பளத்துக்கும் முன்னது ஏற்றது. கதவு, சன்னல், படிக்கட்டு வழியே நுழைந்து செல்வதில் பின்னது வல்லது. அதற்கான ஆன்டெனாவும் குட்டையாக அமையும். கட்டடத்துக்கு இரண்டாவதே தகும் என்றேன்.

கடைக்காரர் கூறிய பத்துக் கிலோமீட்டர், குன்றின்மேல் நின்று குன்றின்மேல் நிற்பவரோடு பேசும் கணக்கு. சக்தியைக் கூட்டினாலும் பெரும்பயன் இல்லை. தடையற்ற வெளியிலேயே தூரத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். சுவர்களுக்கிடையே அதனினும் மிகுதியாக வேண்டும். ஆகவே விலைப்பட்டியலிலுள்ள வாட் எண்ணைப் பாராமல், கருவியைக் கட்டடத்துக்கே கொண்டுசென்று அடித்தளத்தில் ஒருவரையும் மொட்டைமாடியில் ஒருவரையும் நிறுத்திப் பேசிப்பார்க்கச் சொன்னேன்.

உரிமம் வர நாளாயிற்று. அதுவரை கொடியசைத்தே வேலை நடந்தது, மைத்துனருக்குச் சலிப்புத்தான். கருவி வந்த பின்னும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம்: பெயரைச் சொல்லி அழைத்த பிறகே கட்டளை, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே செயல். இப்போது "இறக்கு" என்னும் வெறுஞ்சொல்லுக்கு அங்கே பாரந்தூக்கி அசைவதில்லை.