சாத்திய அறைக்குள் வந்த கங்கணம்



சூரிய கிரகணம் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளியவன். பாடமாகச் சொல்லாமல் எங்கள் ஆத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. 1980 பிப்ரவரி 16 அன்று முழு சூரிய கிரகணம். கர்நாடகத்தில் அதன் பாதையிலேயே அப்போது எனக்கு வேலை. அன்று பிற்பகல் தெருவில் ஈ காக்கை இல்லை. நானும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலுக்கு வந்த அபூர்வத்தைப் பார்க்காமல் விட்டேனே என்ற குறை முப்பது வருஷம் மனதில் இருந்தது.

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. ஓய்வு பெற்று, திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அன்று கனு, தை அமாவாசையும்கூட. அத்துடன் கங்கண சூரிய கிரகணம். ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரியும். சந்திரனோ அன்று தொலைவில் இருந்ததால் சிறிதாகத் தெரிந்தது. அதனால் முழுவதும் மறைக்க முடியாமல் சுற்றிலும் ஒரு வளையம் மிஞ்சும். இந்துமகா சமுத்திரத்தில் ஓரிடத்தில் அந்த வளையம் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இனி 3043 வரை அவ்வளவு நீண்ட கங்கண கிரகணம் கிடையாது. நம் ஊரில் ஏழு நிமிடங்களுக்குச் சற்று மேல். தும்பாவிலிருந்து இஸ்ரோ ஆராய்ச்சி ராக்கெட்டுகளை ஏவியது.

ஆத்தில் வேறு கவலை. பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண்ணுக்கு ஏழாம் மாதம். முந்தின வருஷம்தான் ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. எண்பத்திரண்டு வயது அம்மா, "நீ ஆயிரம் படிச்சிருக்கலாம்டா. இவ வெளியில வரப்படாது" என்று சொல்லிவிட்டாள். கிரகணத்தால் சிசுவுக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை, வெறும் கண்ணால் பார்த்தால் கண்ணுக்குத்தான் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது வாதாட மனம் வரவில்லை. நடு அறையின் ஜன்னல்களை நானே சாத்தினேன். பாட்டியும் பேத்தியும் உள்ளே இருந்தார்கள்.

பேரன்மார் வாசலில் கிரகணக் கண்ணாடியோடு நின்றார்கள். ஒரு மணிக்கு அறைக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டு இடுக்குகள் வழியாகத் தரையில் தினமும் விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாகியிருந்தன! சிறு துவாரம் வழியே இருட்டறைக்குள் விழுவது சூரியனின் பிம்பமே என்று பள்ளியில் படித்ததுதான். அம்மா சாத்தச் சொன்ன அறையே ஊசித்துளைக் காமிராவாகிவிட்டது.

சில நிமிடங்களில் பிறைகளின் முனைகள் கூடி வளையங்களாயின. ஒவ்வொன்றும் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. பெண் குனிந்து உள்ளங்கையை நீட்டினாள். கையில் ஒரு வளையம் விழுந்தது. தடுப்பாள் என்று நினைத்த அம்மா, தானும் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "கங்கணம்னு பேர் வெச்சவா பாத்துட்டுத்தாண்டா வெச்சிருக்கா."

அந்த வார்த்தையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கிரகணத்தை முன்கூட்டிக் கணித்தவர்கள் வானத்தைப் பார்த்தவர்கள். நாம்தான் நடுவில் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

மூன்று மணிக்கு மேல் கிரகணம் விட்டது. மோக்ஷ ஸ்நானம் செய்தோம். இரண்டு மாதத்தில் பேத்தி சுகமாகப் பிறந்தாள். கிரகணத்தைக் கையில் வாங்கியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

2031 மே 21 அன்று கேரளம், மதுரை வழியாக மறுபடி கங்கண கிரகணம் வருகிறது. பேத்திக்கு அப்போது வயது இருபத்தொன்று; எனக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். ஸ்நானம், தர்ப்பணம் எதையும் விட வேண்டாம். தரமான கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே பிலிம் வேண்டாம். வெளியே வரத் தயங்குபவர்கள் இருந்தால், ஜன்னலில் ஒரு சிறு துவாரமாவது விட்டு வையுங்கள்.