விதி மாறும் ஆட்டங்கள்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே, வத்திராயிருப்பை அடுத்து, வயலும் தென்னந்தோப்பும் சூழ அமைந்த வ. புதுப்பட்டியிலும் அதன் சுற்றுவட்டத்துக் கிராமங்களிலும், வீட்டுவேலை ஓய்ந்த பிற்பகலில், திண்ணையிலே கரிக்கட்டியால் கட்டம் கீறிப் பெண்மக்கள் ஆடும் தாயத்தை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணி நம்மில் பலர் கடந்து போய்விடுகிறோம். அது ஒரு கலை என்பதும், கலைகளுக்கெல்லாம் உரிய சம்பிரதாயமும், அந்தச் சம்பிரதாயத்தைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் சுதந்திரமும் அதற்கு உண்டு என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். ஆட்டத்தின் விதிகள் யாரால் மாறுகின்றன, எந்த மாற்றம் ஆட்டத்தை வளர்க்கிறது, எது அதன் உயிரைப் பறிக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தாயக்கட்டையை முதலில் கையில் எடுத்துப் பார்ப்போம். நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் நான்கு பட்டைகள்; ஒரு பட்டை வெறுமையாக இருக்க, மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டிவிட்டால் அவை 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழுவதற்கு 2 வகைகளே உள்ளன. இரண்டு வெறும் பட்டைகளும் ஒருங்கே மேலே வந்து பன்னிரண்டாக எண்ணப்படுவது ஒரே வகையில். ஆகவே எட்டு உருட்டலுக்கு ஒன்று என்பது தாயத்தின் சராசரிக் கணக்கு. தாயம் விழாமல் காய் இறங்காது என்ற விதி நிலவும் வீட்டிலே, எட்டு முறை கட்டையை உருட்டியும் ஒரு தாயத்தைக்கூடக் காணாமல், மற்றவர்களுடைய காய்கள் கட்டத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவை நேர்ந்துவிடும்.

பித்தளைக் கட்டை வாங்க வழியில்லாத வீட்டில் என்ன செய்கிறார்கள்? நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லிலே தேய்த்துக்கொள்கிறார்கள். ஒரு கொட்டை மாத்திரம் வெள்ளை காட்டினால் தாயம். இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், இங்கேயும் 16 வகைதான். ஆனால் தாயத்துக்கு உரியவை 4. எட்டுக்கு ஒன்றாக இருந்தது நான்குக்கு ஒன்றாகிவிடுகிறது! விதியிலே ஓர் எழுத்தும் மாறவில்லை; உருட்டும் பொருள் மாறியது, அதனால் ஆட்டத்தின் சுபாவமே மாறிவிட்டது. பித்தளைக் கட்டையின் ஆட்டம் நீண்டது, பொறுமையைச் சோதிப்பது. புளியங்கொட்டையின் ஆட்டம் தாராளமானது, எல்லாரையும் விரைவில் களத்துக்குள் அழைத்துக்கொள்வது. எளியவர்களின் கருவி, பின்தங்கி நிற்பவருக்கு அதிகம் இரங்குகிறது என்பதை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

இனி, விதியையே மாற்றும் விவகாரம். வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், புதிய வீட்டுத் திண்ணையில் முதன்முதலாக ஆட உட்காரும்போது, கட்டையைத் தொடுமுன் கேட்கிறாள்: “மதினி, எங்க ஊர்ல அஞ்சு விழுந்தாலும் காய் இறக்குவோம், இங்க எப்படி?” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவள், “இங்க தாயத்துக்கு மட்டுந்தான் தாயி, ஆனா நீ சொல்றதும் நல்லாத்தான் இருக்கு, இன்னைக்கு அப்படியே ஆடிப் பாப்போம்” என்கிறாள். பார்வைக்கு இது அற்பமான சம்பாஷணை. ஆனால் ஐந்து விழுவதற்கும் 2 வகைகள் இருப்பதால், அந்த ஒரு சம்மதத்தினால் காய் இறங்கும் வாய்ப்பு இரு மடங்காகிறது. எட்டு முறை உருட்டியும் வெளியே நிற்கும் துர்பாக்கியம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கணக்கு ஒன்றும் எழுதாமலே, ஆடி ஆடிப் பெற்ற அநுபவத்தினால், அந்தப் பெண்கள் இதை அறிவார்கள். ஆடுகிறவர்கள் எல்லாரும் கூடி, ஆடத் தொடங்குமுன், வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்வது என்ற இந்த முறையைவிடச் சிறந்த திருத்தமுறை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காய் இறங்கியபின் விதி பேசக் கூடாது என்பதிலும் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் முன்னைய தாராளத்துக்கு மதிப்பே இராது.

தாயத்தை விட்டு இன்னோர் ஆட்டத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலே மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறந்து, ஆண்டாளும் ரங்கமன்னாரும் அதன் வழியே எழுந்தருளும் வைபவத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அந்த ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகத் தமிழ்நாட்டு வீடுகளில் ஆடப்பட்டு வருவது, பாம்பும் ஏணியும் வரைந்த பரமபத சோபனம். வட இந்தியாவிலே ஞான சௌபர் என்ற பெயரால் ஜைனர்கள் 84 கட்டங்களிலும், வைஷ்ணவர்கள் 72 கட்டங்களிலும் இதே வகை ஆட்டத்தை ஆடினார்கள். சூஃபிகளும் தங்களுக்கென்று 100 கட்டங்களுக்கு மேற்பட்ட படம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். கட்டங்களின் எண்ணிக்கை மாறியது, கடவுளர் பெயர் மாறியது, ஏறிச் சேரும் இடத்தின் பெயரும் மாறியது. ஆயினும் அறத்தினால் ஏற்றமும் மறத்தினால் வீழ்ச்சியும் என்ற ஆட்டத்தின் உட்பொருளை ஒருவரும் கைவிடவில்லை. இவற்றை நான் திருத்தங்கள் என்று மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்ற இதே ஆட்டத்தின் கதை வேறு. நம் நாட்டுப் படங்களில் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகம். நற்கதி அடைவது அரிது என்பதே அதன் கருத்து. ஆங்கிலேயர் இரண்டையும் சமமாக்கினார்கள். முதலில் சிக்கனம், உழைப்பு என்று ஏணிகளுக்கும், சோம்பல், கீழ்ப்படியாமை என்று பாம்புகளுக்கும் தங்கள் நாட்டு ஒழுக்கத்தின் பெயர்களை இட்டார்கள்; நாளடைவில் அந்தப் பெயர்களும் உதிர்ந்து, வெறும் எண்களே கட்டங்களில் மிஞ்சின. 1943-ல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் பாம்புகளே போய், குழந்தைகள் சறுக்கி விளையாடும் சறுக்குப் பலகைகள் வந்தன. அந்தப் பதிப்பு குழந்தைகளின் நற்செயல், தீச்செயல் படங்களைத் திரும்பக் கொண்டுவந்தது என்பதை நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். ஆனால் பெயர் உதிர்ந்து எண் மாத்திரம் மிஞ்சிய படத்தை விரித்து ஆடும் குழந்தைக்கு, தான் ஏன் விழுந்தோம் என்று கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. விதிகளில் ஏறக்குறைய எதுவும் மாறாமலே ஓர் ஆட்டம் தன் பொருளை இழந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் நான் அறியேன்.

பதிப்புக்குப் பதிப்பு விதி திருத்தி அச்சிடுவதையே வழக்கமாகக் கொண்ட ஓர் ஆட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1974-ல் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வடிவமைத்து வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்றுப் பேசியும், பகடை உருட்டியும் அக்கதையை வளர்க்கிறார்கள். முதலில் வந்த மூன்று சிறு புத்தகங்கள் பல விஷயங்களைக் கதை நடத்துபவரின் யுக்திக்கே விட்டுவிட்டன. ஆகவே ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வழக்கம் பிறந்தது, நம் திண்ணையில் பிறந்ததைப் போலவே. 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு, சிதறிக் கிடந்த விதிகளையெல்லாம் இருபது முகப் பகடை ஒன்றின்கீழ் ஒழுங்குபடுத்தியதோடு, அந்த விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தையும் அளித்தது. 2008-ல் நான்காம் பதிப்பு பழக்கப்பட்ட அமைப்பைப் பெரிதும் மாற்றியபோது, மனம் ஒப்பாத பலர் பழைய விதியிலேயே நின்றார்கள். அவர்களுக்காக வேறொரு நிறுவனம், முந்தைய உரிமத்தைக் கொண்டே, ‘பாத்ஃபைண்டர்’ என்ற ஆட்டத்தை 2009-ல் வெளியிட்டது. ஐந்தாம் பதிப்பை 2014-ல் கொண்டுவருமுன், 2012 முதல் அதன் வரைவுகளை ஆடுகிறவர்களிடமே கொடுத்து, ஆடிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டார்கள். இத்தனை பதிப்புகளுக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்த வழி, நம் ஊர்ப் பெரியவள் “ஆடிப் பாப்போம்” என்று சொன்ன வழிதான்.

இப்போது தாயமும், அதன் சுற்றமாகிய லூடோவும் கைபேசிக்குள் புகுந்துவிட்டன. பச்சீசி என்னும் இந்திய ஆட்டத்தைத் தழுவி இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை பெற்ற லூடோ, நம் பிள்ளைகளிடம் அந்த வழியாகவே திரும்பி வந்திருக்கிறது. தனித்து வெளியூரில் இருப்பவரும் உறவினரோடு ஆட முடிகிறது என்பது பெரும் நன்மை. ஆனால் தாயத்துக்கு மாத்திரமா, ஐந்துக்கும் உண்டா என்று அங்கே பேசித் தீர்மானிக்க இடம் குறைவு. பெரும்பாலும் எவரோ முன்பே தீர்மானித்துவிட்டார். விதியைக் குறித்து வாதாடாமல் வளரும் பிள்ளை, ஆட்டத்தில் பாதியைத்தான் கற்கிறது.

ஒரு விதியைப் பற்றி மாத்திரம் என் பிடிவாதத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் காய் ஒன்றையேனும் வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். சிறு பிள்ளைகள் அழுகிறார்கள் என்று சிலர் இதை இப்போது விட்டுவிடுகிறார்கள். இந்த விதி இல்லையென்றால் ஒவ்வொருவரும், காயை வெட்ட முடியாத மலைக்கட்டத்திலிருந்து மலைக்கட்டத்துக்குப் பதுங்கிப் போய், ஒருவரையொருவர் தொடாமலே பழம் எடுத்துவிடலாம். பிறகு நால்வர் கூடி உட்காருவதற்குக் காரணமே இல்லை. காய் இறக்குவதற்கு ஐந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையையே கொடுங்கள், காய்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டை மாத்திரம் விட்டுவிடாதீர்கள். வரும் மார்கழிக்குள் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் அவர்கள் ஆடிய விதிகளைக் கேட்டு, இன்ன ஊர், இன்னார் வீட்டு வழக்கம் என்று குறித்து, பரமபதப் படத்தின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள். அச்சிட்ட இடத்தில் கட்டங்கள் உண்டு. பின்புறத்து வெற்றிடத்தில் எழுத வேண்டியவை உங்கள் வீட்டிலேதான் இருக்கின்றன.