கருணையா? கடமையா?



புயல், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு கொடுப்பது கருணையா, கடமையா என்பது தலைப்பு. கடமையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னாலே பேசிய நண்பர் கேட்டார்: "மழை பெய்தது வானம். அதுக்கு அரசாங்கம் ஏன் அபராதம் கட்டணும்?" பலத்த கைதட்டல் வாங்கினார். தட்டினவங்கள்ல பாகூர்க்காரர் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார்! (சிரிப்பு)

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்குப் பக்கத்திலே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வானம் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனா, சோரியாங்குப்பத்திலும் குருவிநத்தத்திலும் வீடு புகுந்த தண்ணி எங்கேயிருந்து வந்தது? டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரைமீறி வந்தது. திறந்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அணை உடைந்தால் என்ன ஆகும்? ஆனால் அணையைக் காப்பாற்ற முழுகினது யாருடைய நெல்லு? தன் வயலைக் கொடுத்து ஒருத்தன் நாலு ஊரைக் காப்பாற்றினால், நாலு ஊரும் அவனுக்குக் கடன்பட்டிருக்கா இல்லையா? கடனைத் திருப்பித் தருகிறவன், "கருணை காட்டினேன்"னு சொல்லலாமா? (கைதட்டல்)

இன்னொன்று. அந்த வெள்ளத்துக்கு முதலமைச்சர் ரங்கசாமி அவர்கள் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் அறிவித்தார். பக்கத்திலே கடலூர் மாவட்டம். அங்கே பாதிக்கப்பட்ட அட்டைக்கு 2,000, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. வரப்பு ஒண்ணுதான், வெள்ளம் ஒண்ணுதான், விலை மட்டும் ரெண்டு! நமக்கு அதிகம் கிடைத்ததே என்று சந்தோஷப்படாதீர்கள். கருணை இப்படித்தான் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த புயலுக்கு அது தலைகீழாகவும் மாறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 12ஆவது பிரிவு. நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்க வேண்டும் என்கிறது. கொரோனாவில் இறந்தவர்கள் வழக்கிலே, 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இது விருப்பம் அல்ல, கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் 50,000 ரூபாய் வந்தது.

நான் தமிழ் வாத்தியார். புறநானூற்றைத் தொடாமல் இறங்கினால் என் மாணவர்கள் விடமாட்டார்கள். வெள்ளைக்குடி நாகனார் என்றொரு புலவர். கிள்ளிவளவன் முன்னாலே நின்று, மழை பொய்த்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று சொன்னார். சொல்லிப் பரிசிலா கேட்டார்? பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வைத்தார். வானம் செய்ததற்கு அரசன் பொறுப்பா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது ஐயா!

கடைசியாக ஒன்று. பாகூர்ப் பக்கம் ஒரு பெரியவர், பேர் வேண்டாம். இரண்டு காணி குத்தகைக்குப் பயிர் வைத்தவர். வாய்ப்பேச்சுக் குத்தகைதான், பத்திரம் கிடையாது. சம்பா முழுகிப்போச்சு. ஓர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள்: "நிலம் யார் பேர்ல?" "மொதலாளி பேர்ல." "அப்ப அவரை வரச்சொல்லு." பணம் மொதலாளி கணக்கிலே விழுந்தது. அந்த வருஷத்துக் குத்தகை நெல்லையும் அவர் விடவில்லையாம்.

கருணை என்றால், சீட்டோடு வந்தவன் கையிலே கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கலாம். கடமை என்றால், உழுதவன் யார் என்று வரப்பிலே இறங்கித் தேடிக் கொடுக்கணும். நடுவர் அவர்களே, நான் இந்த அணியில் உட்கார்ந்திருப்பது அதுக்காகத்தான்.

"மொதலாளிகிட்டே பாதியாவது கேக்கக் கூடாதா?" என்றேன் அந்தப் பெரியவரிடம்.

"அடுத்த போகத்துக்கு நெலம் வேணுமே சார்" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள்.