ஈமெயில் ஃபோல்டர்களை மூடுவதற்கு முன்
(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 35 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். படித்தது பி.காம்., கம்ப்யூட்டர் அல்ல. சங்கத்தின் ஈமெயிலை வேறு சர்வருக்கு மாற்றும் வேலையில் என்னை ஏன் சேர்த்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்களுக்குத்தான் சார் நேரம் இருக்கு" என்றார். மறுக்க முடியவில்லை.

கமிட்டிக்காரர்களும் மேனேஜரும் சேர்ந்து பார்க்கிற பொது ஃபோல்டர்கள் நம்மிடம் 37 இருக்கின்றன. தண்ணீர் லாரி, லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, பொங்கல் விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சிலவற்றுக்குத் தனி ஈமெயில் முகவரியே உண்டு. புது சர்வரில் எவ்வளவு இடமோ அவ்வளவு பணம். அதனால் வேண்டாததை விட்டுவிட்டுப் போகலாம் என்று, மாற்றித் தரும் இளைஞர் ஒரு பட்டியல் கொடுத்தார். ஒரு வருடமாகப் புது மெயில் இல்லாத ஃபோல்டர்கள் 14. எல்லாவற்றுக்கும் எதிரே சிவப்பில் 'பயன்பாட்டில் இல்லை'. செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே அழித்திருப்பார்கள். நான் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், 'பயன்பாட்டில் இல்லை' என்ற வார்த்தையோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடம் வாடிக்கையாளர் எதுவும் செய்யவில்லை என்றால் அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்குவோம். அதில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வட்டி வங்கியே போடுவது, அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம். ஆள் வந்தாரா, பணம் போட்டாரா, எடுத்தாரா என்பதுதான் கேள்வி. ஈமெயிலிலும் அப்படித்தானே? மெயில் வந்து விழுவது வட்டி மாதிரி. யாராவது திறந்து பார்த்தார்களா என்று அல்லவா கேட்க வேண்டும்?

பட்டியலில் இல்லாத ஃபோல்டர் ஒன்றை முதலில் திறந்தேன். 'விசாரணை' என்று பெயர். தினமும் பத்து மெயில் வருகிறது. அத்தனையும் பெயிண்ட் விளம்பரம், சோலார் விளம்பரம். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. எல்லாமே தடித்த எழுத்தில் அப்படியே நிற்கின்றன. தேதிக் கணக்குப்படி சங்கத்திலேயே சுறுசுறுப்பான ஃபோல்டர் அதுதான்!

அடுத்து, சிவப்பில் இருந்த 14. யார் எப்போது உள்ளே போனார்கள் என்ற பதிவு கேட்டேன். 30 நாளுக்கு மேல் பழைய சர்வரில் இருப்பதில்லையாம். சரி, மனிதர்களையே கேட்போம் என்று வாட்ஸ்அப் குழுவில் 14 பெயரையும் போட்டு, "யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டேன். ஒன்பது கட்டைவிரல் வந்தன. பயன்படுத்துகிறோம் என்பதா, அழித்துவிடுங்கள் என்பதா, தெரியவில்லை. இரண்டு பேர் குட் மார்னிங் அனுப்பினார்கள்.

பிறகு ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தேன். 'பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொல்கிறார்கள். "இதில் கடைசியாக எதைத் தேடினீர்கள்?" என்று கேட்டால்தான் ஞாபகம் வருகிறது.

நம் பொருளாளர் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வரி' என்ற ஃபோல்டர் காலியாக இருந்தது. ஒரு மெயில்கூட இல்லை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர்களிடம் பிடிக்கிற டி.டி.எஸ்.-க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரிட்டர்ன் போட வேண்டும். அப்போது வருமான வரித் தளத்திலிருந்து ஓ.டி.பி. வருவது அந்த முகவரிக்குத்தான். அம்மா சுத்தக்காரர், பார்த்த கையோடு அழித்துவிடுவார். அதனால் காலி. ஃபோல்டரோடு அந்த முகவரியும் போயிருந்தால் ஜூலை 31-ம் தேதி ரிட்டர்ன் போட உட்காரும்போது ஓ.டி.பி. எங்கே போகும்? தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம்.

இன்னொன்று 'பொங்கல் விழா'. எல்லாவற்றையும்விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான், வெறும் போட்டோக்கள். யாருக்கும் வேண்டாம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். முன்னாள் செயலாளர் நம்மைவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். அவர் உறியடிக்கிற படம் அதில்தான் இருக்கிறது. அவர் வீட்டு அம்மா, பேரனை விட்டு அடிக்கடி திறந்து பார்க்கிறாராம். பார்ப்பதால் ஃபோல்டரில் எந்தத் தேதியும் மாறுவதில்லை. படங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி அவரிடம் கொடுத்தாகிவிட்டது. ஃபோல்டரும் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'பில்டர் கடிதங்கள்' என்ற ஃபோல்டரும் சிவப்பில்தான் இருந்தது. கடைசி மெயில் இரண்டு வருடத்துக்கு முன்னால். பி பிளாக் மூன்றாம் மாடியில் சுவர் ஊறுவதைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! "எழுத்தில் எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்று பில்டர் தரப்பில் சொல்கிறார்கள். நமக்கும் அப்படி எழுதினோமா என்பது மறந்துவிட்டது, கமிட்டி இரண்டு தரம் மாறிவிட்டதே. அந்த ஃபோல்டரில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். மாடித் தளத்தின் வாட்டர் ப்ரூஃபிங் சரியில்லை என்று நாம் அனுப்பிய மெயிலும் இருந்தது, "எங்கள் இன்ஜினியர் வந்து பார்த்தார், சரி செய்து தருகிறோம்" என்று அவர்கள் அனுப்பிய பதிலும் இருந்தது. தேதியோடு.

2016-ம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 14-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை எதையாவது சொன்னால், 30 நாளில் செலவு வாங்காமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும். நாம் சாவி வாங்கி வருகிற டிசம்பரோடு 5 வருடம். உரிய காலத்தில் சொன்னோம் என்பதற்கு நம் கையில் இருக்கிற ஆதாரம் அந்த இரண்டு மெயில்தான். இரண்டையும் பிரிண்ட் எடுத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். வக்கீலைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

14-ல் நான்கு இப்படி உயிரோடு இருந்தன. மீதி பத்தையும் உடனே அழிக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஜூலை 1-ம் தேதி அவற்றை யாருக்கும் தெரியாதபடி மறைத்து மட்டும் வைப்போம். ஆகஸ்ட் 15 வரை பார்ப்போம். நடுவில் ஒரு ரிட்டர்ன் தேதியும் வந்து போய்விடும். யாராவது "காணோமே" என்று வந்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பித் தரலாம். வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படுவது இதில் தப்பிவிடும் என்று ஏ பிளாக் சார் சொன்னார். நியாயம்தான். அதற்காக 37-ஐயும் முழுதாக இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்கிறோம். ஒன்று செயலாளரிடம், ஒன்று பொருளாளரிடம். நகல் எடுத்தால் போதாது, வேறு கம்ப்யூட்டரில் திறந்து படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய சர்வருக்குப் பணம் கட்டுவதை நிறுத்த வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபோல்டர்களைப் பார்க்கும் உரிமை உள்ளவர்கள் பட்டியலில் 22 பேர். அதில் ஆறு பேர் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள். நம் வங்கி ஸ்டேட்மென்ட் இன்று வரை அவர்களுக்கும் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, பெயரை எடுக்காதது நாம்தான். சென்ற திங்கட்கிழமை எடுத்தாகிவிட்டது.

பத்து ஃபோல்டர்களின் பெயரும் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஏதாவது அதில் இருந்தால் மாலை 6 முதல் 7 வரை சங்க அறையில் இருப்பேன், வந்து சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.